போர்ட்டைப் பிடித்திருக்கும் ப்ராசஸ் எது? ப்ராக் கோப்பா, நெட்லிங்கா?

லினக்ஸில் 8080 போர்ட்டை எந்த ப்ராசஸ் (ஓடிக்கொண்டிருக்கும் நிரல்) வைத்திருக்கிறது என்று நிரலிலிருந்தே அறிய இரண்டு வழிகள் உண்டு.

முதல் வழி, ப்ராக் அடைவின் நெட் பகுதியிலுள்ள டிசிபி கோப்பைப் படிப்பது. ப்ராக் என்பது லினக்ஸின் மையமான கர்னல் தன் நிலவரத்தைக் கோப்புகளாகக் காட்டும் அடைவு. எந்த மொழியிலும் பத்துப் பதினைந்து வரிகளில் முடியும். போர்ட் எண் பதினாறடிமானத்தில் இருக்கும்: 8080 என்பது 1எஃப்90. நிலை 0ஏ என்றால் இணைப்புக்காகக் காத்திருக்கிறது. ஐபி முகவரியில்தான் பலர் சறுக்குகிறார்கள். இன்டெல் கணினிகளில் அதன் பைட்டுகள் தலைகீழாக வரும், 127.0.0.1 என்பது 0100007எஃப் ஆகிவிடும். ஐபிவி6 சாக்கெட்டுகளுக்கான டிசிபி6 கோப்பையும் படியுங்கள். ஜாவா சர்வர்கள் பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

இரண்டாவது, நெட்லிங்க் (நிரல்கள் கர்னலோடு நேரடியாகப் பேசும் வழி) வழியே கர்னலையே கேட்பது. சாக்கெட்டுகளைப் பட்டியலிடும் எஸ்எஸ் கட்டளை செய்வது இதைத்தான். காத்திருக்கும் சாக்கெட்டுகள் மட்டும் போதும் என்று கர்னலிடமே வடிகட்டலாம். ஆயிரக்கணக்கான இணைப்புகள் ஓடும் சர்வரில் வேக வித்தியாசம் நன்றாகத் தெரியும். ஆனால் பைனரி ஸ்ட்ரக்சர்களோடு மல்லுக்கட்ட வேண்டும்.

இரண்டுமே தருவது சாக்கெட்டின் அடையாளமான ஐநோடு எண்ணை மட்டும்தான், ப்ராசஸின் எண்ணான பிஐடியை அல்ல. ப்ராக்கில் ஒவ்வொரு ப்ராசஸும் திறந்து வைத்திருப்பவற்றைக் காட்டும் எஃப்டி அடைவிலும் அந்த எண்ணுள்ள சாக்கெட் சிம்லிங்க்கைத் தேடியே ஆக வேண்டும். பிற பயனர்களின் ப்ராசஸ்களைப் பார்க்க ரூட் அனுமதி தேவை. என்ஜின்எக்ஸ் வெப் சர்வர் போன்றவற்றில் ஒரே ஐநோடு பல ப்ராசஸ்களில் கிடைக்கும்; முதலாவதோடு நிறுத்தாதீர்கள்.

ஒரு போர்ட்டை எப்போதாவது பார்ப்பதற்கு ப்ராக் தாராளம். நொடிக்கொரு முறை கண்காணிக்கும் கருவி என்றால் நெட்லிங்க்தான்.