அப்பாவின் 486 லேப்டாப்: போர்டு சரிசெய்து மூன்று வருடம்

கிருஷ்ணகிரியில் அப்பா மாங்காய் மண்டி வைத்திருந்தார். 1996-ல் வாங்கிய, 486 என்ற பழைய வகை ப்ராசசர் போட்ட லேப்டாப்பில்தான் கணக்கு எழுதுவார். அதிலிருந்த தமிழ் எழுத்துரு, எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடு குறியீடு பரவுவதற்கு முந்தையது. ஃபிளாப்பியில் இருந்த பிரதியை என் கணினியில் திறந்தால், "பெங்களூரா" என்று மாங்காய் ரகத்தின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஏதேதோ ஆங்கிலக் குறிகள். அந்த எழுத்துரு பரணில் கிடந்த லேப்டாப்பில் மட்டும்தான் இருந்தது. அதற்காகத்தான் இத்தனை பாடும்.

பவர் பட்டனை அழுத்தினால் பச்சை விளக்கு ஒரு தடவை மின்னி அணைந்துவிடும். காட்டிய கடையில், "போர்டு போயிடுச்சு, தூக்கிப் போட்டுடுங்க" என்றார்கள். ரவுண்டானா பக்கம் மொபைல் சர்வீஸ் செய்யும் அண்ணன் ஒருவர்தான், "திறந்து பார்க்காம எப்படிச் சொல்றது?" என்று தன் மேசையை எனக்கு ஒழித்துக் கொடுத்தார்.

திறந்ததுமே பாதி காரணம் தெரிந்தது. கடிகாரத்துக்காகப் போர்டிலேயே பற்றவைத்திருந்த சின்ன ரீசார்ஜ் பேட்டரி ஒழுகி, சுற்றிலும் பாசி பிடித்ததுபோல் பச்சை பூத்திருந்தது. நிக்கல் வகை பேட்டரி ஒழுகினால் வருவது காரம், அமிலம் இல்லை. அதனால் சோடா மாவு உதவாது. வெள்ளை வினிகரைப் பஞ்சில் தொட்டுத் துடைத்தேன். அப்புறம் கழுவ, இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர். நம் ஊர் போர் தண்ணீர் இதற்கு ஆகவே ஆகாது. காய்ந்ததும் உப்பு படிந்துவிடும். கடைசியாக ஐசோபுரொபைல் ஆல்கஹால். இரண்டு நாள் காயவிட்டேன்.

அப்படியும் உயிர் வரவில்லை. மல்டிமீட்டரில் 5 வோல்ட் லைனுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே பார்த்தால் அரை ஓம்கூட இல்லை. முழு ஷார்ட், கரன்ட் நேராகக் கிரவுண்டுக்கே போய்விடும். எந்தப் பாகம் என்று ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தால் போர்டு தாங்காது. அண்ணனின் பவர் சப்ளையை 1 வோல்ட்டில் வைத்து, கரன்ட் 1 ஆம்பியரைத் தாண்டாதபடி கட்டி, அந்த லைனில் கொடுத்தோம். போர்டு மேல் ஆல்கஹாலை மெலிதாகப் பூசிவிட்டுக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லா இடமும் ஈரமாக மினுங்க, மஞ்சள் நிற டான்டலம் கெப்பாசிட்டர் (மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் சின்னப் பாகம்) ஒன்றைச் சுற்றி மட்டும் வட்டமாக உலர்ந்தது. ஷார்ட் ஆன பாகம்தான் சூடாகும், அங்கேதான் முதலில் ஆவியாகும். அதை எடுத்ததும் ஷார்ட் போய்விட்டது.

பக்கத்தில் இருந்த ஆறு அலுமினிய கெப்பாசிட்டர்களையும் மாற்றினேன். பற்றவைக்கும் இரும்பை வைத்ததும் மீன் நாற்றம் அடித்தால் உள்ளேயிருந்த திரவம் ஒழுகிவிட்டது என்று அர்த்தம். ஆறும் நாறின. மாற்றுக்கு பெங்களூரு எஸ்.பி. ரோட்டிலிருந்து டான்டலம் வாங்கி வந்தேன். இங்கே ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். அலுமினியத்தில் கோடு போட்ட பக்கம் நெகட்டிவ்; டான்டலத்தில் கோடு போட்ட பக்கம் பாசிட்டிவ். பழையதைப் பார்த்து அப்படியே வைத்தால் தலைகீழாகிவிடும், டான்டலம் நெருப்பே பிடிக்கும். நான் ஒவ்வொன்றையும் மீட்டர் வைத்துப் பார்த்த பிறகுதான் பற்றவைத்தேன்.

விண்டோஸ் 3.1 திரை வந்தது, ஆனால் கீபோர்டில் பாதி எழுத்து வேலை செய்யவில்லை. காரம் போர்டில் கரன்ட் ஓடும் செம்புக் கோடுகள், அதாவது டிராக்குகள், இரண்டை அரித்திருந்தது. அறுந்த இடத்தைத் தாண்டி இணைக்க, தலைமுடி அளவு எனாமல் கம்பியில் ஜம்பர் போட்டேன்.

இனி மூன்று வருடக் கதை. மாற்றிய கெப்பாசிட்டர்களில் ஒன்றுகூடத் தொல்லை தரவில்லை. சித்திரை வெயிலில்கூட மூன்று மணி நேரம் தொடர்ந்து ஓடியிருக்கிறது. இரண்டாம் வருடம் ஒரு ஜம்பர் விட்டுப்போனது. மறுபடி பற்றவைத்து மேலே பசை வைத்தேன், அதற்குப் பிறகு அசையவில்லை. கடிகாரத்துக்கு இப்போது 2032 காயின் பேட்டரி. அது ரீசார்ஜ் ஆகக் கூடாத வகை என்பதால், போர்டு அதற்குள் கரன்ட் ஏற்றாமலிருக்க நடுவே ஒரு டயோடு. பேட்டரியைப் போர்டிலிருந்து தள்ளி, வயர் இழுத்து வைத்திருக்கிறேன். இதே காலத்து லேப்டாப் வீட்டில் இருந்தால், ஓடினாலும் ஓடாவிட்டாலும், திறந்து அந்தப் பழைய பேட்டரியை மட்டுமாவது இன்றைக்கே எடுத்துவிடுங்கள். சும்மா கிடக்கும்போதும் அது போர்டைத் தின்றுகொண்டிருக்கும்.

போன மாசியிலிருந்து திரையைத் திறந்தால் வினிகர் வாடை. நான் துடைத்த வினிகர் இல்லை. பழைய எல்சிடி மேல் ஒட்டியிருக்கும் போலரைசர் படலம் சிதையத் தொடங்கினால் இந்த வாடைதான் வரும். இடது மூலையில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு கறை. போர்டைச் சரிசெய்தது போல இதைச் செய்ய எனக்கு இன்னும் கை வரவில்லை. அதனால் பழைய டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் ஒன்றை வாங்கி, அப்பாவின் கணக்கை மாதம் மாதமாக அச்செடுத்து வருகிறேன். செந்தூரா, மல்கோவா, பெங்களூரா என்று அவர் போட்ட வரிசையிலேயே வருகிறது. 2001 வரை இருக்கிறது. இப்போது 1998 வைகாசியில் நிற்கிறேன்.