மூன்று காப்பி பில்: டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரும் மருந்துக்கடை பில்லிங் மென்பொருளும்

மருந்து மொத்த வியாபாரத்தில் இன்னும் ஏன் டாட் மேட்ரிக்ஸ், அதாவது பின்கள் ரிப்பனில் தட்டி எழுத்தைப் புள்ளிகளாக அடிக்கும் பிரிண்டர், என்று நிறைய பேர் கேட்கிறார்கள். மூன்று காப்பிதான் காரணம். ஜிஎஸ்டி விதிப்படி சரக்கு பில்லில் அசல் வாங்குபவருக்கு, இரண்டாவது வண்டியில் கொண்டுபோகிறவருக்கு, மூன்றாவது நமக்கு. லேசரில் மூன்று தடவை அடிக்கலாம், ஆனால் பேக்கிங்கில் பேட்ச் நம்பரைப் பார்த்து டிக் அடிப்பதும், ஒரு ஸ்ட்ரிப் குறைந்தால் பேனாவில் திருத்துவதும், கடைக்காரர் போடும் கையெழுத்தும் மூன்று தாளிலும் ஒரே அடியில் பதிவது, நடுவில் கார்பன் வைக்காமலே அடுத்த தாளில் அழுத்தம் பதியும் கார்பன்லெஸ் பேப்பரில் மட்டும்தான். அதனால் 24 பின், 80 கேரக்டர் அகல பிரிண்டரை இத்தனை வருடமாக விடாமல் வைத்திருக்கிறோம். பிரிண்டரில் எனக்குக் குறை எதுவும் இல்லை. தலைவலி எல்லாம் பில்லிங் மென்பொருளும் அதுவும் சேரும் இடத்தில்தான், அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

இத்தனை காலத்தில் எனக்கு உறுதியானது இதுதான். தாள் எவ்வளவு நீளம், எழுத்து எவ்வளவு நெருக்கம் என்பதை மென்பொருளும் சொல்லும், விண்டோஸ் டிரைவரும் சொல்லும், பிரிண்டரின் உள் செட்டிங்கும் சொல்லும். மூன்றும் வேறுவேறாகச் சொன்னால் பில் கோணிக்கொண்டுதான் வரும். யாராவது ஒருவர் கையில் பொறுப்பைக் கொடுத்துவிட்டு மற்ற இரண்டையும் வாயை மூட வைக்க வேண்டும்.

மருந்து பில்லிங் மென்பொருள்களில் பெரும்பாலும் பிரிண்டுக்கு இரண்டு வழி இருக்கும். கிராபிக் முறையில் விண்டோஸ் டிரைவர் பக்கத்தைப் படமாக்கி அனுப்பும், பார்க்க அழகாக இருக்கும், ஆனால் பிரிண்டர் இழுத்து இழுத்து அடிக்கும். டெக்ஸ்ட் முறையில் வெறும் எழுத்தும் கட்டளைக் குறியீடுகளும் போகும், பிரிண்டர் தன் சொந்த எழுத்துருவில் சடசடவென்று அடித்துத் தள்ளும். காலையில் லைன் வண்டி கிளம்புவதற்கு முன் பில் முழுவதும் கையில் வேண்டும் என்றால் டெக்ஸ்ட் முறைதான், இதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை. தமிழில் கடைப்பெயர் வேண்டுமே என்பவர்கள் கிராபிக்குக்குப் போக வேண்டும், பெரும்பாலும் பிரிண்டருக்குள் தமிழ் எழுத்து இருக்காது. ரூபாய்க் குறியும் டெக்ஸ்டில் கேள்விக்குறியாகவோ வேறு ஏதாவதாகவோ வரும், அந்த இடத்தில் ரூ. என்பதை ஆங்கில எழுத்தில் போடச் சொல்லிவிடுங்கள்.

புதிதாக மாட்டுகிறவர்கள் முதலில் மாட்டிக்கொள்வது பில் மெல்ல மெல்ல மேலே ஏறுவதில்தான். முதல் பில் கச்சிதமாக இருக்கும், அடுத்தது கொஞ்சம் மேலே, அதற்கடுத்தது இன்னும் மேலே, கடைசியில் தலைப்பு முந்தின தாளின் அடியில் போய் உட்கார்ந்திருக்கும். கிராபிக் முறையில் இதற்குக் காரணம் டிரைவரில் தாள் ஏ4 என்று கிடப்பது. ஏ4 நீளம் 297 மி.மீ., ஒரே நீளமாக மடிந்து வரும் நம் கன்டினியூவஸ் பேப்பரில் ஒரு தாள் 12 அங்குலம், அதாவது 304.8 மி.மீ. பில்லுக்கு 7.8 மி.மீ. குறைவாக நகர்ந்தால் நாலு பில்லில் ஓர் அங்குலத்தைத் தாண்டிவிடும். விண்டோஸில் பிரிண்ட் சர்வர் பிராப்பர்ட்டீஸுக்குள் போய் 10க்கு 12 அங்குலம் என்று புதிய ஃபார்ம் ஒன்றை உருவாக்கி, அதையே டிரைவரிலும் மென்பொருளிலும் தேர்ந்தெடுக்க வேண்டும். ஓர் இடத்தில் மட்டும் மாற்றினால் போதாது.

டெக்ஸ்ட் முறையில் கதை வேறு. அங்கே டிரைவருக்கு வேலையே இல்லை, பிரிண்டர் தன் நினைவில் வைத்திருக்கும் பக்க நீளம்தான் கணக்கு. அது 11 அங்குலமாக இருந்தால் 66 வரி, 12 என்றால் 72 வரி. பாதித் தாளில் 6 அங்குல பில் அடிக்கிறவர்களுக்கு 36 வரி. பில் ஆரம்பத்தில் 27 67 0 12 என்ற குறியீட்டை மென்பொருள் அனுப்பும்படி செய்துவிட்டால் பிரிண்டர் 12 அங்குலத்துக்கு வந்துவிடும். ஆனால் தாளைக் கிழிக்கும் துளைக்கோட்டில் அது சரியாக நிற்கும்போது இது போக வேண்டும், ஏனென்றால் குறியீடு வந்த இடத்தையே பக்கத்தின் தொடக்கமாக பிரிண்டர் எடுத்துக்கொள்ளும். கூடவே 15 என்ற குறியீட்டையும் சேர்த்தால் எழுத்து சுருங்கி அங்குலத்துக்கு 17 கேரக்டர் வரும். பேட்ச், எக்ஸ்பயரி, எம்ஆர்பி, ரேட், ஃப்ரீ, எச்எஸ்என் என்று இத்தனை கட்டம் இருக்கும் மருந்து பில்லுக்கு இது இல்லாமல் முடியாது.

கட்டம் போடும் கோடுகளுக்குப் பதில் சாய்ந்த எழுத்துகள் வருகிறதா? பிரிண்டரின் கேரக்டர் டேபிள் (எழுத்துப் பட்டியல்) இட்டாலிக்கில் இருக்கிறது, கோடுகள் உள்ள பிசி437 பட்டியலுக்கு மாற்றுங்கள். ஒவ்வொரு வரிக்கும் நடுவில் ஒரு வெற்று வரி வந்தால் ஆட்டோ லைன் ஃபீடை அணையுங்கள். இரண்டுமே பிரிண்டரின் உள் செட்டிங், கம்ப்யூட்டரில் தேடினால் கிடைக்காது.

நிஜமாகவே எங்களைப் படுத்தியது க்யூஆர் கோடு. 2023 ஆகஸ்ட் 1 முதல் ஆண்டு விற்பனை 5 கோடிக்கு மேல் உள்ளவர்களுக்கும் இ-இன்வாய்ஸ், அதாவது பில்லை அரசின் இணையதளத்தில் பதிவது, கட்டாயமானது, பில்லில் க்யூஆர் இருந்தாக வேண்டும். வெறும் எழுத்து அடித்துக்கொண்டிருந்த பில்லில் ஒரு படம் நுழைகிறது! அதுவும் சின்னப் படம் இல்லை, டிஜிட்டல் கையொப்பமிட்ட தகவல் உள்ளே இருப்பதால் புள்ளிகள் நெருக்கமாக இருக்கும். மென்பொருள்காரர்கள் டெக்ஸ்ட் பில்லுக்கு நடுவிலேயே க்யூஆரைப் படக்கட்டளையாக அனுப்பும் வசதியைக் கொடுத்தார்கள், நல்ல ஏற்பாடு, ஆனால் அடித்துப் பார்த்தால் படத்தின் குறுக்கே வெள்ளைக் கோடுகள், எந்த போனிலும் ஸ்கேன் ஆகவில்லை. ஹெட் (பின்கள் இருக்கும் அச்சுத் தலை) போச்சு, மாற்றுங்கள் என்றார் சர்வீஸ்காரர். ஹெட்டில் ஒரு பின் போயிருந்தால் எழுத்துகளிலும் அதே உயரத்தில் கோடு விழ வேண்டும், எழுத்தெல்லாம் சுத்தமாக இருந்தது.

விஷயம் வரி இடைவெளியில் இருந்தது. 24 பின் ஒரு ஓட்டத்தில் 24 புள்ளி உயரத்துக்கு அடிக்கும், ஒரு புள்ளி அங்குலத்தில் 180இல் ஒரு பங்கு. சாதாரண வரி இடைவெளி ஆறில் ஓர் அங்குலம், அதாவது 30 பங்கு. 24 அடித்துவிட்டு 30 நகர்ந்தால் ஒவ்வொரு பட்டைக்கும் கீழே 6 புள்ளி காலியாகத்தானே நிற்கும்? படத்துக்கு முன்னால் 27 51 24 என்ற குறியீட்டைச் சேர்க்கச் சொன்னோம், கோடு மறைந்தது. அதற்கப்புறமும் ஓரங்கள் லேசாகப் பல்பல்லாகத் தெரிந்தன, ஹெட் போகும்போதும் வரும்போதும் அடிப்பதால் வரும் விலகல் அது. 27 85 1 அனுப்பி ஒரே திசையில் அடிக்க வைத்தோம், ஸ்கேன் ஆகிவிட்டது. படம் முடிந்ததும் 27 50, 27 85 0 அனுப்பிப் பழைய நிலைக்குத் திருப்ப வேண்டும், இல்லையென்றால் அடுத்த வரிகள் நெருங்கிப்போகும், வேகமும் குறையும். புது ஹெட் வாங்கும் செலவு இல்லாமல் பிரச்சினை குறியீட்டிலேயே தீர்ந்ததில் எனக்கு இன்றும் சந்தோஷம்தான். ரிப்பனை மட்டும் முன்பைவிடச் சீக்கிரம் மாற்ற வேண்டியிருக்கிறது, எழுத்து படிக்கிற அளவுக்கு இருந்தாலும் க்யூஆர் அதற்கு முன்பே கைவிட்டுவிடும்.

ஷேரிங் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு பில்லிங் மெஷினில் பிரிண்டரை மாட்டி மற்றவற்றுக்குப் பகிர்ந்துகொள்வது வழக்கம். 2021இல் விண்டோஸில் பிரிண்ட் வேலைகளை வரிசைப்படுத்தி அனுப்பும் பிரிண்ட் ஸ்பூலரில் பெரிய பாதுகாப்பு ஓட்டை வெளியே வந்தது, அதை அடைக்க வந்த விண்டோஸ் அப்டேட்டுகளுக்குப் பின் பல இடங்களில் பகிர்ந்த பிரிண்டர் இணையாமல் பிழை காட்டியது. ரெஜிஸ்ட்ரியில் அந்தப் பாதுகாப்பை அணைத்துவிடுங்கள் என்று நிறைய பேர் வழி சொல்வார்கள். வாடிக்கையாளர் பாக்கி, வங்கி விவரம் எல்லாம் கிடக்கும் மெஷினில் அதைச் செய்யாதீர்கள். பிரிண்டருக்கு நெட்வொர்க் கார்டோ சின்ன பிரிண்ட் சர்வர் பெட்டியோ போட்டு, ஒவ்வொரு மெஷினிலும் 9100 போர்ட்டில் நேராக இணைத்துவிடுங்கள். ஷேரிங் என்ற பேச்சே இருக்காது, பில்லிங் மெஷின் அணைந்திருந்தாலும் மற்றவர் அடிக்கலாம்.

புதிதாக வாங்கப் போகிறவர்கள் 9 பின் விலை குறைவு என்று போகாதீர்கள், க்யூஆருக்கு 24 பின்தான் நல்லது. தாள் கனத்துக்கான லீவரை மூன்று காப்பிக்கு ஏற்ற இடத்தில் வைக்கத் தெரிந்துகொள்ளுங்கள், ஒற்றைத் தாள் நிலையிலேயே ஓட்டினால் ரிப்பன் மாட்டி பின் முறியும். வாங்கும் கடையில் அவர்கள் தரும் டெஸ்ட் பேஜைப் பார்த்துத் திருப்தி அடையாமல், உங்கள் மென்பொருள் இருக்கும் லேப்டாப்பையும் உங்கள் பேப்பரில் ஒரு கட்டையும் எடுத்துப் போய் இரண்டு பக்கம் வரும் ஒரு நீளமான பில்லைத் தொடர்ந்து சில தடவை அடித்துப் பாருங்கள், மூன்றாவது காப்பியில் பேட்ச் நம்பர் படிக்க முடிகிறதா, கடைசி பில்லின் தலைப்பு முதல் பில்லில் இருந்த உயரத்திலேயே இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.