கம்போஸ் விசையோடு மூன்று ஆண்டுகள்

கடந்த வாரம் விசைப்பலகை பழுதாகிப் புதியது வாங்கினேன். அதில் மெனு விசை இல்லை. லினக்ஸ் இயங்குதளத்தில் மூன்று ஆண்டுகளாக அந்த விசையைத்தான் கம்போஸாக வைத்திருந்தேன். கம்போஸ் என்பது, அதைத் தட்டிவிட்டு வேறு சில விசைகளை அடுத்தடுத்துத் தட்டினால், விசைப்பலகையில் இல்லாத குறியை விழச் செய்யும் விசை. பாலக்கோட்டில் தட்டச்சு நிலையம் நடத்தும் நண்பர், தாமும் இதற்கு மாறலாமா என்று அதே வாரத்தில் கேட்டார்.

கிருஷ்ணகிரியில் என் வேலை, பழைய பத்திரங்களைப் படியெடுத்துத் தட்டச்சு செய்வதும் மாங்கூழ் ஆலைகளுக்குச் சோதனைத் தாள் அடித்துக் கொடுப்பதும். கூழின் இனிப்பை °பிரிக்ஸ் என்றே குறிப்பார்கள். கம்போஸைத் தட்டி, ஆங்கில 'ஓ'வை இருமுறை தட்டினால் ° விழும். 1, 2 என்றால் ½. பெரிய 'ஆர்', சமக்குறி என்றால் ₹. குறியின் உருவமே விசைகளை நினைவூட்டிவிடுவதால், எந்த அட்டவணையையும் நான் மனப்பாடம் செய்ததில்லை.

பத்திர வேலையில்தான் இதன் அருமை முழுமையாகத் தெரிந்தது. பழைய பத்திரங்களில் ஆண்டுக்கு ௵, மாதத்துக்கு ௴, நாளுக்கு ௳, மேற்படிக்கு ௸ என்று வந்துகொண்டே இருக்கும். கண்ட்ரோல், ஷிப்ட், 'யு' மூன்றையும் சேர்த்து அழுத்தி யூனிகோடு எண்ணைத் தட்டினாலும் இவை வரும் என்றாலும், சில செயலிகள் அதற்கு இணங்குவதில்லை. பக்கத்துக்கு இருபது முறை எண்ணைத் தட்டவும் முடியாது. முகப்பு அடைவில் (ஹோம் போல்டரில்), சொந்தக் கம்போஸ் வரிசைகளை எழுதிவைக்கும் எக்ஸ்கம்போஸ் கோப்பு ஒன்றை உருவாக்கி, 'ஒய்' இருமுறை என்றால் ௵, 'எம்' இருமுறை என்றால் ௴ என்று எழுதிவைத்தேன். அதன் முதல் வரியில், கணினியோடு வரும் இயல்பு அட்டவணையைச் சேர்க்க மறந்ததால் ° உட்பட எல்லாம் போய், ஒரு மாலைப் பொழுது வீணானது.

பொறுக்க முடியாத குறை ஒன்று உண்டு. தமிழ்99 என்னும் தமிழ் விசைப்பலகை அமைப்பு இயங்கும்போது கம்போஸ் என் கணினியில் வேலை செய்வதில்லை. ° வேண்டி 'ஓ'வை இருமுறை தட்டினால், அது 'ட'வின் விசை என்பதால் 'ட்ட' என்று விழுகிறது. தமிழ்ப் பத்திரத்துக்கு நடுவே ஒரு ௵ போட ஆங்கிலத்துக்குப் போய்த் திரும்ப வேண்டும். திரும்ப மறந்தால் அடுத்த வரி முழுவதும் ஆங்கில எழுத்தாகிவிடும். தமிழ்க் குறிகளைத் தமிழில் இருந்தபடி தட்ட முடியாத நிலையை மூன்று ஆண்டுகளாகியும் என்னால் ஏற்க முடியவில்லை.

புதிய பலகையில் வலப்பக்க ஆல்ட்டைக் கம்போஸாக்கிப் பார்த்தேன். இந்திய ஆங்கில அமைப்பில் அதனோடு 4 தட்டினால் கிடைத்துவந்த ₹ போய்விட்டது.

ஆகவே நண்பரே, மாங்காய்ப் பருவத்தின் நெருக்கடியில் நீங்கள் இதற்கு மாற வேண்டாம். நான் கேப்ஸ் லாக்கைக் கம்போஸாக்கிக்கொண்டேன்.