எட்டும் மூன்றும் குழம்பாத பென்சில்

கணக்குப் போடும்போது அடுக்குக்குறி மழுங்கிப்போனால் எனக்குத் தாங்காது. நேற்று 3 என்று எழுதியது இன்று 8 ஆகத் தெரியும், விடையே மாறிவிடும். முன்பு வைத்திருந்த மெக்கானிக்கல் பென்சிலில் கோடு போகப் போகத் தடித்துக்கொண்டே வந்தது.

இப்போது கையில் இருப்பது யூனி குரு தோகா என்ற மெக்கானிக்கல் பென்சில். உள்ளே போடும் லெட் (கரிக்குச்சி) 0.5 மி.மீ. தடிமன். 2008-இல் ஜப்பானில் வெளிவந்த வகை. நுனியைத் தாளில் வைத்து எடுக்கும் ஒவ்வொரு முறையும் உள்ளிருக்கும் பற்சக்கரம் லெட்டைச் சிறிது திருப்புகிறது. நாற்பது முறைக்கு ஒரு முழுச்சுற்று. அதனால் லெட் ஒருபக்கமாகத் தேயாமல் கூம்பாகவே நிற்கிறது. கணிதக் குறிகளுக்குக் கையை எடுத்து எடுத்துத்தானே வைக்கிறோம்! தமிழுக்கும் அப்படித்தான். ஆங்கிலத்தைக் கூட்டெழுத்தாக எழுதுவோருக்கு இந்தப் பயன் குறைவு.

லெட் விஷயத்தில் என் தேர்வு பி என்ற மென்மையான வகை. வழக்கமான எச்பி வகையைவிடக் கறுப்பாக விழும், அழுத்த வேண்டியதில்லை. அழுத்தியே பழகியவர்கள் 0.7 வாங்குங்கள். சட்டைப் பையில் வைப்பவர்கள் நுனிக்குழாய் உள்ளே போகும் வகையாகப் பார்க்க வேண்டும். கீழே விழுந்து அது வளைந்தால் பென்சில் போயிற்று.