பென்வித்தா, லிசார்டா: கிராவல் சைக்கிளோடு கார்ன்வால் போகிறவர்களுக்கு

இங்கிலாந்தின் தென்மேற்குக் கோடியில் கார்ன்வால் கடலுக்குள் போய் முடிகிற இடத்தில் ஒன்றுக்கு இரண்டு முனைகள் இருக்கின்றன. மேற்கே பென்வித், அதன் நுனிதான் லேண்ட்ஸ் எண்ட். தெற்கே லிசார்ட், பிரிட்டன் பெருநிலத்தின் ஆகத் தெற்கான புள்ளி. இரண்டையும் சேர்த்துப் பென்சான்ஸில் தொடங்கி அங்கேயே முடிகிற மாதிரி, எட்டு வடிவத்தில் சுமார் 230 கிலோமீட்டருக்கு ஒரு பாதையை 2021இல் சைக்கிளிங் யூகே அமைப்பு வகுத்தது. வெஸ்ட் கெர்னோ வே என்று பெயர். கிராவல் சைக்கிளில் (மண், சரளைப் பாதைக்கான அகல டயர் சைக்கிள்) முழுசாக ஓட்ட மூன்று நாலு நாள் வேண்டும். வேலைக்குப் போகிறவர்களுக்கு வெள்ளி இரவு ரயில் ஏறி ஞாயிறு திரும்புவதுதான் கணக்கு என்பதால், பெரும்பாலும் பாதியைத்தான் ஓட்ட முடியும். எந்தப் பாதி?

லேண்ட்ஸ் எண்ட் என்ற பெயருக்காகப் பென்வித்தைத் தேர்வு செய்கிறவர்கள்தான் அதிகம். அந்தக் காரணத்தை முதலில் தூக்கிப் போடுங்கள். லேண்ட்ஸ் எண்ட் நுனியில் இருப்பது கார் நிறுத்துமிடமும், கடைகளும், காசு கொடுத்துப் படம் எடுத்துக்கொள்கிற கைகாட்டிப் பலகையும்தான். போய் ஒரு எட்டு பார்த்துவிட்டு வரலாம், அவ்வளவே. என்னைக் கேட்டால் போன வாரம் எவ்வளவு மழை பெய்தது என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள் என்பேன், ஏனென்றால் இரண்டு முனைக்கும் அடியில் இருக்கும் பாறை வேறு வேறு, சக்கரத்துக்கு அடியில் நடப்பதெல்லாம் அதைப் பொறுத்தே.

பென்வித் பெரும்பாலும் கருங்கல், அதாவது கிரானைட். அது சிதைந்தால் கரகரவென்று பெருமணலாக உதிரும், தண்ணீர் சீக்கிரம் வடிந்துவிடும். டயரும் நன்றாகப் பிடிக்கும். மென்-அன்-டோல் என்ற ஓட்டைக் கல்லுக்குப் போகும் வண்டிப்பாதையில் இதைக் கண்ணால் பார்க்கலாம்: நடுவில் பெரிய பெரிய குட்டைகள், ஆனால் குட்டையின் அடி கெட்டி, உருண்டு போகிற சரளைதான். அதில் நேராக விட்டால் பிரச்சினை இல்லை. ஓரமாகப் போய்த் தப்பிக்கப் பார்த்தால்தான் முட்புதரில் போய் விழ வேண்டியிருக்கும். அங்கிருந்து டிங் டாங் சுரங்கத்தின் பாழடைந்த எஞ்சின் வீட்டுக்கு (நீராவி எஞ்சின் இருந்த கட்டடம்) ஏறும்போது பாதை குறுகி, கல் பெரிதாகி, முன்சக்கரம் தானாக ஒரு வழி, நீங்கள் நினைத்தது ஒரு வழி என்று ஆகும். மேலே நின்றால் கீழே மவுண்ட்ஸ் பே விரிகுடா முழுசாகத் தெரியும். நடுவழியில் லான்யன் குவாய்ட் என்ற கற்காலக் கல்மேசை இருக்கிறது. 1815இல் ஒரு புயலில் சாய்ந்து, 1824இல் திரும்ப நிறுத்தியது. அந்தப் புயலடிக்கிற ஊரில்தான் சைக்கிள் ஓட்டப் போகிறோம் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

லிசார்ட் அப்படியே வேறு. பழைய கடலடித்தட்டும் அதற்கும் கீழே இருந்த பாறையும் மேலே தள்ளப்பட்டு நிலமான இடம் அது, செர்பென்டைன் என்ற பச்சையும் சிவப்புமான பாறை. அதன் மேல் படிந்த மண்ணில் தண்ணீர் இறங்காது, அப்படியே நிற்கும். கூன்ஹில்லி மேட்டுப் புதர்வெளி பார்க்கத் தட்டையாக, சமர்த்தாக இருக்கும். நாலு நாள் மழைக்குப் பிறகு போனால் களி சக்கரத்துக்கும் ஃபோர்க்குக்கும் நடுவில் அடைத்துக்கொண்டு, தள்ளிக்கொண்டு போகக்கூட முடியாமல் குச்சியால் நோண்டிக்கொண்டு நிற்க வேண்டும். அப்புறம் அந்தச் செர்பென்டைன் கல், கால்பட்டுத் தேய்ந்து மெருகேறிய இடத்தில் ஈரம் பட்டால் பிரேக்காவது ஒன்றாவது. ஆனால் காய்ந்த வாரத்தில் லிசார்டை அடித்துக்கொள்ள ஆளில்லை. உருட்டிவிட்டால் ஓடிக்கொண்டே இருக்கும், இருபுறமும் ஹீத் செடி பூத்திருக்க.

கூன்ஹில்லியில் ராட்சத ஆன்டெனா ஒன்று நிற்கும். பெயர் ஆர்தர், 1962இல் டெல்ஸ்டார் செயற்கைக்கோள் வழியாக அட்லாண்டிக்கைத் தாண்டி வந்த தொலைக்காட்சிப் படத்தை வாங்கியது அதுதான். வேடிக்கை என்னவென்றால், அதே 1962இல்தான் பக்கத்து ஊர் ஹெல்ஸ்டனுக்கு வந்துகொண்டிருந்த பயணிகள் ரயிலை நிறுத்தினார்கள். பென்வித் பக்கம் இதற்குப் பதில் சொல்ல போர்த்கர்னோ இருக்கிறது: 1870இல் பம்பாயை பிரிட்டனோடு இணைத்த கடலடித் தந்திக் கம்பி கரையேறிய சின்னக் கடற்கரை. நம் ஊர்ச் செய்தியெல்லாம் ஒரு காலத்தில் இந்த மணலுக்கடியில் வந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டே அந்தச் செங்குத்து ஏற்றத்தை ஏறலாம். ஏறுவது சுலபமாகாது, இருந்தாலும்.

லிசார்ட் தட்டை என்று சொன்னது பாதி உண்மைதான். நடுமேட்டை விட்டு இறங்கினால் காட்ஜ்வித், கவரேக் மாதிரி மீன்பிடி ஊர்களுக்குப் போகிற சாலைகள் சரிவு சரிவாக விழும், இறங்கியதை அப்படியே ஏறியாக வேண்டும். ஹெல்ஃபர்ட் ஆற்றுப் பக்கமும் இதே கதை. பென்வித்தில் ஏற்றம் இப்படிக் கொத்துக் கொத்தாக வராது. நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக, ஓயாமல் வரும். எது மேல் என்பது உங்கள் முட்டியைக் கேட்டுச் சொல்ல வேண்டிய விஷயம்.

இரண்டிலும் ஏமாற்றம் தரக்கூடிய ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். படங்களில் பார்க்கிற மாதிரி பாறை விளிம்போரமாகக் கடலைப் பார்த்துக்கொண்டே ஓட்ட முடியாது. அது சவுத் வெஸ்ட் கோஸ்ட் பாத், அநேகமாக முழுக்க நடப்பவர்களுக்கான பாதை. சாலையை விட்டால், இங்கிலாந்தில் சைக்கிளுக்கு உரிமை உள்ளது பிரைடில்வே எனப்படும் குதிரைப் பாதைகளிலும் பைவே எனப்படும் பழைய வண்டிப் பாதைகளிலும்தான். குதிரைப் பாதைக்கு அந்த உரிமை வந்ததே 1968ஆம் ஆண்டுச் சட்டத்தால், அதிலும் குதிரைக்கும் நடப்பவருக்கும் வழிவிட வேண்டும் என்ற நிபந்தனையோடு. ஆகவே கடல் எங்கே கிட்டத்தில் கிடைக்கும் என்பது முக்கியமான கேள்வி, இதில் பென்வித் தெளிவாக ஜெயிக்கிறது. செயின்ட் ஜஸ்ட்டுக்கு வடக்கே பொட்டாலக், லெவன்ட், கீவர் என்று வரிசையாக வெள்ளீயச் சுரங்கங்கள், அவற்றின் பழைய வண்டிப்பாதைகள், அலைக்கு மேலே பாறையில் ஒட்டிக்கொண்டிருக்கும் எஞ்சின் வீடுகள். சுரங்கம் கடலுக்கடியிலும் போயிருக்கிறது. லெவன்ட்டில் 1919இல் ஆட்களை ஏற்றி இறக்கும் இயந்திரம் அறுந்து 31 பேர் செத்தார்கள். கீவர் 1990இல்தான் மூடியது. 2006 முதல் கார்ன்வால் சுரங்க நிலப்பரப்பு யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. லிசார்டில் கடலைப் பார்க்க நுனிவரை போக வேண்டும், அல்லது அந்த மீன்பிடி ஊர்களுக்கு இறங்க வேண்டும், இல்லையென்றால் வண்டியைப் பூட்டிவிட்டு நடக்க வேண்டும். அதற்கு ஒரு சமாதானம், சஃப் என்ற சிவப்பு மூக்குக் காக்கை. கார்ன்வாலில் அற்றுப்போய், 2002இல் திரும்பக் கூடு கட்டியது லிசார்ட் பாறைகளில்தான்.

காற்று பெரும்பாலும் தென்மேற்கிலிருந்து வரும். பென்வித்தில் காலையில் அதை முகத்தில் வாங்கிக்கொண்டு போனால், மாலையில் அது முதுகில் தள்ளிக்கொண்டு வந்துவிடும். லிசார்டில் போகும்போதும் வரும்போதும் பக்கவாட்டில் அடிக்கும், மேட்டில் ஒதுங்க மரமும் கிடையாது. பையைக் கைப்பிடியில் கட்டுகிறவர்கள் முடிந்தவரை சின்னதாகக் கட்டுங்கள்.

வண்டி விஷயம் சுருக்கமாக. பென்வித்துக்கு 45 மில்லிமீட்டருக்குக் குறையாத டயர், 50 போட இடமிருந்தால் இன்னும் நல்லது, ஹார்ட்டெயில் (முன்னால் மட்டும் சஸ்பென்ஷன் உள்ள மலை சைக்கிள்) இருந்தால் வெட்கப்படாமல் அதையே எடுத்துப் போங்கள். லிசார்டுக்குக் காய்ந்த காலத்தில் 40 போதும். இரண்டுக்கும் டியூப்லெஸ் கட்டாயம், ஏனென்றால் கோர்ஸ் என்ற புதர்ச்செடியின் முள் எங்கும் இருக்கிறது, இலையுதிர் காலத்திலும் குளிரிலும் வேலிகளை இயந்திரத்தால் வெட்டிவிட்ட பிறகு பாதை முழுக்க முள்தான். முன்பல் சக்கரத்தைவிடப் பின்னால் பெரிய பல்சக்கரம் இல்லாமல் ஏற்றங்களில் திண்டாடுவீர்கள்.

போய்ச் சேருவதிலும் பென்வித்துக்கே சாதகம், ரயில் பென்சான்ஸ் வரை வருகிறது, இறங்கிய அரை மணியில் மண்பாதைக்கு வந்துவிடலாம். லிசார்டுக்கு ரெட்ரூத்தில் இறங்கியோ பென்சான்ஸிலிருந்தோ முதலில் ஹெல்ஸ்டன் வரை மிதிக்க வேண்டும், அதுவே ஒரு காலைப்பொழுதைத் தின்னும். ஜூலை, ஆகஸ்டில் இரண்டுமே வேண்டாம், கல்வேலிகளுக்கு நடுவே ஒற்றைக் கார் அகலச் சந்துகளில் கேம்பர் வேன்கள் எதிரும் புதிருமாக மாட்டிக்கொண்டு நிற்கும்.

குழந்தைகளோடு வருகிறீர்கள், முனையெல்லாம் அப்புறம் பார்க்கலாம் என்றால் போர்ட்ரீத்திலிருந்து டெவோரன் வரை பழைய சுரங்க டிராம் பாதை இருக்கிறது, சுமார் 18 கிலோமீட்டர். ஒரு கரையில் தொடங்கி மறுகரையில் முடியும், கடினமான ஏற்றம் கிடையாது. எதற்கும் லண்டன் பாடிங்டனிலிருந்து வரும் நெடுந்தூர ரயிலில் சைக்கிளுக்குத் தனியாக முன்பதிவு வேண்டும், இடம் சொற்பம். உங்கள் டிக்கெட்டுக்கு முன்னால் அதைப் பாருங்கள்.