நன்னடத்தைப் பிணை மீறல்: மறுத்து வழக்காடுவதா, ஒப்புக்கொண்டு நிபந்தனையை மாற்றக் கேட்பதா?

சென்ற ஆண்டு ஜூன் கடைசியில் பாம்பனில் இருக்கும் என் அக்கா மகனுக்கு நீதிமன்றத்திலிருந்து சம்மன் வந்தது. ஜாமீன் கையெழுத்துப் போட்டவன் என்ற முறையில் எனக்கும் ஒன்று வந்தது. படகுத்துறையில் நடந்த கைகலப்பு வழக்கில் குற்றவாளி என்று தீர்ப்பான பிறகு, 1958ஆம் ஆண்டின் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம் 4ஆம் பிரிவின்படி, சிறைக்கு அனுப்பாமல் இரண்டு ஆண்டுப் பிணையில் அவனை விட்டிருந்தார்கள். மாதம் ஒருமுறை இராமநாதபுரத்தில் நன்னடத்தை அலுவலர் முன் கையெழுத்திட வேண்டும், அனுமதியின்றி வெளியூரில் தங்கக் கூடாது என்பவை நிபந்தனைகள். ஏப்ரல் 15இல் இங்கே 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியதும், வீட்டில் அடுப்பெரிய வேண்டுமே என்று, தடை இன்னும் தொடங்காத கேரளக் கரைக்கு அவன் வேலைக்குப் போய்விட்டான். இரண்டு மாதக் கையெழுத்து விட்டுப்போனது.

எங்கள் முன் இருந்தவை இரண்டு வழிகள்: மீறலே இல்லை என்று மறுத்து வழக்காடுவது, அல்லது நடந்ததை ஒப்புக்கொண்டு காரணத்தை ஆவணத்தோடு வைத்து நிபந்தனையைத் திருத்தக் கேட்பது. பிணைக்காலம் முடியும்வரை நீதிமன்றத்துக்குப் போகாமலே இருந்துவிடலாம் என்று கடற்கரையில் சிலர் சொல்வது உண்டு. அது வழியே அன்று. அந்தச் சட்டத்தின் 9ஆம் பிரிவு சம்மனோடு பிடியாணை பிறப்பிக்கும் அதிகாரத்தையும் நீதிமன்றத்துக்குத் தருகிறது.

மறுத்து வழக்காடுவதற்கு உரிய இடங்கள் உண்டு. அலுவலகப் பதிவேட்டில் வராதவன் என்று தவறாகக் குறிக்கப்பட்டிருந்தாலோ, மருத்துவமனையில் கிடந்த நாளைக் கணக்கில் சேர்த்திருந்தாலோ, மறுத்தே ஆக வேண்டும். புதிதாக ஒரு குற்ற வழக்குப் பதிவானதையே மீறல் என்று சொல்லும்போதும் அப்படித்தான். முதல் தகவல் அறிக்கை ஒரு குற்றச்சாட்டே தவிர அது தீர்ப்பு அன்று. எங்கள் வழக்கில் புதிய குற்றச்சாட்டு எதுவும் இல்லாததால், இதில் நான் சொல்வது வக்கீல் விளக்கக் கேட்ட அளவே. முதலில் நாங்கள் பார்த்த வக்கீல், வாய்தா வாங்கி இழுத்தால் பிணைக்காலமே முடிந்துவிடும் என்றார். ஆனால் கையெழுத்து இல்லாத இரண்டு கட்டங்கள் பதிவேட்டில் வெறுமையாக இருக்கும்போது எதை வைத்து மறுப்பது என்ற கேள்விக்கு அவரிடம் விடை இல்லை.

என் மனத்தைத் தீர்மானமாகத் திருப்பியது அதே சட்டத்தின் 12ஆம் பிரிவு. பிணையில் விடப்பட்டவருக்கு, குற்றத் தீர்ப்போடு சட்டப்படி ஒட்டிவரும் தகுதியிழப்பு எதுவும் ஒட்டாது என்று அது சொல்கிறது. கூடவே, பின்னாளில் மூலக் குற்றத்துக்காக, அதாவது பிணையில் விடக் காரணமான அந்த முதல் குற்றத்துக்காக, தண்டிக்கப்பட்டால் அந்தப் பாதுகாப்பு இல்லை என்றும் சொல்கிறது. ஆகவே மீறல் விசாரணையில் பணயமாக இருப்பது சில மாதச் சிறை மட்டும் அன்று, 23 வயதுப் பையனின் மீதி வாழ்க்கைக்கான தகுதியும்தான். இனி 9ஆம் பிரிவைப் பாருங்கள். மீறல் உறுதியானால் நீதிமன்றம் மூலக் குற்றத்துக்கே தண்டனை விதிக்கலாம். முதல் மீறலாக இருந்தால், பிணையைத் தொடரவிட்டு 50 ரூபாய்க்கு மேற்படாத அபராதத்தோடு விடவும் செய்யலாம். இந்த இரண்டில் எதைத் தேர்வது என்பது நீதிபதியின் கையில் இருக்கிறது. வெளிப்படையாக நடந்த ஒன்றை நடக்கவில்லை என்று சாதித்துவிட்டு, அது பொய்யென்று தெரிந்தபின் அதே நீதிபதியிடம் கருணை கேட்டு நிற்பது எனக்கு வீண் சூதாட்டமாகவே பட்டது. வழக்கில் வெல்வதைவிட, மூலக் குற்றத்துக்குத் தண்டனை வராமல் காப்பதே எங்கள் குறியாக இருக்க வேண்டும் என்று அக்காவிடம் சொன்னேன்.

12ஆம் பிரிவு தீர்ப்பையே அழித்துவிடும் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. உச்ச நீதிமன்றம் 1990இல் ஒரு காவல் படைக் காவலரின் வழக்கில், பிணையில் விடப்பட்டாலும் குற்றத் தீர்ப்பு நிற்கும், நடத்தைக்காகத் துறை நடவடிக்கை எடுக்கலாம் என்று கூறியிருக்கிறது. ஏற்கெனவே அரசு வேலையில் இருப்பவர் தனியாக ஆலோசனை பெறுவது நல்லது.

நாங்கள் ஒப்புக்கொண்டோம். வெறும் மன்னிப்பாக இல்லாமல், கேரளப் படகு உரிமையாளரின் கடிதம், கூலி வரவான வங்கிப் புத்தகப் பக்கம், போய்வந்த பயணச்சீட்டுகள் ஆகியவற்றைத் தேதிவாரியாக ஒட்டி, ஓடி ஒளியவில்லை, உழைக்கப் போனான் என்பதைக் காட்டினோம். அதற்கும் முன்பாக நன்னடத்தை அலுவலரைப் போய்ப் பார்த்ததுதான் முக்கியம். நிபந்தனையை மாற்ற வகைசெய்யும் 8ஆம் பிரிவு, அந்த அலுவலரின் விண்ணப்பத்தின்மீதே இயங்குகிறது. அவரைப் பகைத்துக்கொண்டு அந்தக் கதவைத் திறக்க முடியாது. அவர் பதிவேட்டைத் திருப்பி, வெற்றுக் கட்டங்களின்மேல் பேனாவை வைத்து, "தம்பி, போறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இது வந்திருக்காதே" என்றார். மருமகன் தலையைக் குனிந்துகொண்டு, "தப்புத்தான் சார்" என்றான். விசைப்படகுகள் திங்கள், புதன், சனி என்று கடலுக்குப் போகும் கணக்கைச் சொல்லி, கையெழுத்து நாளை வெள்ளிக்கிழமையாகவும், தடைக்காலத்தில் முன்கூட்டித் தெரிவித்துவிட்டு வெளியூர் போகலாம் என்றும் மாற்றப் பரிந்துரைக்க வேண்டினோம். அவரும் அப்படியே விண்ணப்பித்தார்.

நீதிமன்றம் 50 ரூபாய் அபராதம் விதித்துப் பிணையைத் தொடரவிட்டது. குறித்த காலத்துக்குள் அபராதத்தைக் கட்டாவிட்டால் மூலக் குற்றத்துக்கே தண்டிக்கலாம் என்பதால், அன்று பிற்பகலே கட்டி ரசீதை வாங்கி, பிணைப் பத்திர நகலோடு பிளாஸ்டிக் உறைக்குள் வைத்தோம். முதல் மீறலுக்கான அந்தச் சலுகை இத்துடன் தீர்ந்தது. அடுத்த தவறுக்கு அது கிடையாது. இந்த வழியின் உண்மையான விலை அதுதான், அதை மறைப்பதற்கில்லை.

செலவைப் பற்றி ஒரு சொல். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், காவலில் இருப்போர் ஆகியோருக்கு வருமானம் பாராமல் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு வழியாக இலவச வக்கீல் கிடைப்பார். நாங்கள் கட்டணம் கொடுத்து வேறொரு வக்கீலை வைத்தோம்.

ஜாமீன்தாரர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். நிபந்தனையை மாற்றுமுன் நீதிமன்றம் உங்களையும் கேட்க வேண்டும் என்று 8ஆம் பிரிவு சொல்கிறது. நீங்கள் ஒப்பாவிட்டால் பிணையில் இருப்பவரிடம் புதுப் பிணை கேட்கப்படலாம். அதனால் அன்று என் படகைக் கரையில் நிறுத்திவிட்டு நானும் போய் நின்றேன்.