சட்டாம்பிள்ளையும் அடுத்தாளும்: காரைக்குடியில் ஒரு மாணவ வழிகாட்டிப் பயிற்சி

காரைக்குடிக்கு அருகில் உள்ள கலை அறிவியல் கல்லூரி ஒன்றில் வணிகவியல் கற்பிக்கிறேன். முதலாண்டு மாணவர்களுக்குப் பாடத்தில் துணைநிற்கும் மூத்த மாணவர்களை உருவாக்கும் மூன்று நாள் பயிற்சி ஒன்றுக்கு, சென்ற கல்வியாண்டின் தொடக்கத்தில், எங்கள் துறையின் மூன்றாம் ஆண்டு மாணவர் 12 பேரை அழைத்துச் சென்று மூன்று நாள்களும் பின்வரிசையில் அமர்ந்திருந்தேன். இத்தகைய பயிற்சியின் தரம் நிறைவு நாள் மாலையில் கைதட்டும்போது தெரிவதில்லை என்பதால், ஒரு செமஸ்டர் முழுவதும் கழிந்த பிறகே இந்த மதிப்புரையை எழுதுகிறேன்.

எங்களிடம் வரும் மாணவர்களில் பெரும்பாலோர் கல்லல், புதுவயல், கண்டனூர், தேவகோட்டை எனச் சுற்றுவட்டாரங்களிலிருந்து பேருந்தில் வருபவர்கள். அவர்களுள் பலர் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்கள். அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் புதுமைப் பெண் திட்டம் 2022இல் தொடங்கியதிலிருந்து பேருந்துக் கட்டணத்துக்கும் புத்தகத்துக்கும் ஓரளவு வழி பிறந்திருக்கிறது. ஆனால் முதல் செமஸ்டரில் நிதிநிலைக் கணக்கியல் புரியாமல் விழிக்கும்போது, அதை வீட்டில் யாரிடமும் கேட்க முடிவதில்லை. ஆசிரியரிடம் கேட்கக் கூச்சப்படும் அந்தப் பிள்ளை, பேருந்து நிறுத்தத்தில் பக்கத்தில் நிற்கும் அக்காவிடமோ அண்ணனிடமோ தயங்காமல் கேட்கிறது என்பதைப் பல ஆண்டுகளாகப் பார்த்துவந்ததுதான் இந்தப் பயிற்சியை நான் தேடிப்போன காரணம்.

மூத்த மாணவர் இளையவருக்குக் கற்பிப்பது நமக்குப் புதிதன்று. நம் திண்ணைப் பள்ளிகளில் ஆசிரியருக்குத் துணையாகச் சட்டாம்பிள்ளை என்ற மூத்த மாணவர் இருந்தார். மணலில் எழுதிப் பழகும் பிள்ளைகளைச் சென்னையில் கண்ட ஆண்ட்ரூ பெல் என்பவர், தாம் பொறுப்பேற்றிருந்த எழும்பூர் ஆதரவற்ற சிறுவர் பள்ளியில் மாணவரைக் கொண்டே மாணவருக்குக் கற்பித்துப் பார்த்து, 1797இல் அதைப் பற்றி லண்டனில் ஒரு நூல் வெளியிட்டார். அது ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயரில் இங்கிலாந்தில் பரவியது. ஆனால் சட்டாம்பிள்ளை என்றதும் நம் நினைவுக்கு வருவது ஒப்பிக்கச் சொல்லும் அதிகாரமும் கையிலுள்ள பிரம்பும்தான். இந்த வட்டாரத்தில் வேறொரு முன்மாதிரியும் உண்டு. பர்மாவிலும் மலேயாவிலும் நகரத்தார் நடத்திய லேவாதேவிக் கடைகளில் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்த சிறுவன், கடைப் பொறுப்பாளரான மேலாளையும் அவருக்கு அடுத்த நிலையிலிருந்த அடுத்தாளையும் பார்த்துப் பார்த்தே பேரேடும் ஐந்தொகையும் பழகினான். தனக்கு ஒரு படி மட்டும் மேலே இருக்கும் அந்த அடுத்தாள்தான் நாம் தேடும் வழிகாட்டி மாணவர் என்று எனக்குத் தோன்றுகிறது. எனவே, சட்டாம்பிள்ளையாக உள்ளே போகும் பிள்ளைகள் அடுத்தாளாக வெளியே வருகிறார்களா என்பதையே இந்தப் பயிற்சிக்கு உரைகல்லாக வைத்துக்கொண்டேன்.

முதல் நாள் பிற்பகல் நடந்த பயிற்சிக்காக மட்டுமே கட்டணம் முழுவதையும் கொடுக்கலாம். பற்று, வரவு என்ற இரு பத்திகளின் கூட்டுத்தொகையும் ஒத்துப்போக வேண்டிய பட்டியல்தான் இருப்பாய்வு. சமன்படாத இருப்பாய்வு ஒன்றைக் கொடுத்து, ஒருவரை முதலாண்டு மாணவியாகவும் மற்றொருவரை வழிகாட்டியாகவும் நடிக்கச் சொன்னார்கள். பற்றுப் பத்தியின் கூட்டுத்தொகை 3,000 ரூபாய் அதிகமாக இருந்தது. எங்கள் துறையில் முதல் மதிப்பெண் பெறும் மாணவி, பேனாவைப் பிடுங்காத குறையாக வாங்கி, பற்றுப் பக்கத்தில் எழுதப்பட்டிருந்த கொள்முதல் திருப்பத்தை (வாங்கிய சரக்கைத் திருப்பி அனுப்பியதன் தொகையை) அடித்துவிட்டு வரவுப் பக்கத்தில் எழுதி, ஒரே நிமிடத்தில் சமன்செய்து காட்டினாள். எல்லோரும் பாராட்டினார்கள். பயிற்றுநர் மட்டும் அமைதியாக, “இப்போது கணக்குப் போட்டது யார்?” என்று கேட்டார்.

பிறகு அவளைக் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு மீண்டும் செய்யச் சொன்னார். அவள் திணறினாள். ஒரு கேள்வி கேட்டாள். பதில் வராததால் உடனே தானே பதிலையும் சொன்னாள். அந்த இடத்தில் பயிற்றுநர் நிறுத்தி, ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருக்கிறார்கள் என்றும், அதை மூன்று விநாடிக்கு மேல் நீட்டினால் மாணவர்களின் பதில்கள் நீண்டும் தெளிந்தும் வருகின்றன என்றும் அமெரிக்காவில் மேரி பட் ரோ என்ற கல்வியாளர் 1970களில் கண்டறிந்ததை விளக்கினார். மூன்றாம் முறை எங்கள் மாணவி கேட்ட கேள்விகளை நான் குறித்து வைத்திருக்கிறேன்: “வித்தியாசம் எவ்வளவும்மா? அதில் பாதி எவ்வளவு? அந்தத் தொகை இந்தத் தாளில் எங்கேயாவது இருக்கிறதா?” ஒரு தொகை பக்கம் மாறி எழுதப்பட்டால் வித்தியாசம் அதன் இருமடங்காக வரும் என்பதால்தான் பாதியைத் தேடுவது. எதிரே இருந்தவள் 1,500 ரூபாயைத் தேடிக் கண்டுபிடித்தாள். “நாம் திருப்பி அனுப்பிய சரக்குக்கு நமக்குப் பணம் வர வேண்டுமா, நாம் கொடுக்க வேண்டுமா?” என்ற அடுத்த கேள்விக்குப் பிறகு நீண்ட மௌனம், அதன்பின் அவளே தன் கையால் தொகையை இடம் மாற்றினாள். இதற்குப் பதினோரு நிமிடம் ஆயிற்று. இத்தனை ஆண்டுகளாக வகுப்பில் நானும் பேனாவைப் பிடுங்கிக்கொண்டுதான் இருந்திருக்கிறேன் என்பதைப் பின்வரிசையில் அமர்ந்து உணர்ந்தேன்.

இரண்டாம் நாள் படிக்கும் முறைகளைப் பற்றியது. கோடிட்டுப் படிப்பதும் திரும்பத் திரும்ப வாசிப்பதும் அதிகப் பயன் தருவதில்லை, புத்தகத்தை மூடிவைத்துத் தன்னைத்தானே சோதித்துக்கொள்வதும் இடைவெளி விட்டுப் பல நாள்களில் படிப்பதுமே நிலைக்கின்றன என்ற ஆய்வு முடிவுகளைச் சரியாகவே சொன்னார்கள். ஆனால் திரைக்காட்சிகள் முழுவதும் ஆங்கிலத்தில் இருந்தன; கையேடோ, அகராதியைப் பார்த்துச் சொல்லுக்குச் சொல் பெயர்த்த தமிழில் இருந்தது. தமிழ் வழியில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டு ஆங்கிலப் பாடநூலைக் கையிலெடுக்கும் மாணவருக்கு முதல் தடை கணக்கன்று, சொல்தான். ‘பேரேடு’ என்று அறிந்ததை ‘லெட்ஜர்’ என்று கேட்டதும் மிரளும் பிள்ளைக்கு எப்படி உதவுவது என்பதற்கு அரைநாளாவது ஒதுக்கியிருக்க வேண்டும். சிவகங்கை மாவட்டத்தில் பயிற்சி நடத்துபவர்கள் இதை விட்டுவிட்டதை என்னால் ஏற்க முடியவில்லை.

மூன்றாம் நாளின் பொருள் எல்லைகள். ஒப்படைப்பை எழுதிக் கொடுக்கக் கூடாது, ஒருவர் சொன்ன குடும்பத் துயரத்தை மற்றவரிடம் பேசக் கூடாது, மனம் உடைந்து பேசும் மாணவரைத் தனியே சமாளிக்க முயலாமல் ஆசிரியரிடம் அழைத்துவர வேண்டும் என்பவற்றை நடிப்பின் வழியாகவே பழக்கினார்கள். கட்டணமில்லாத டெலி மானஸ் மனநல உதவி எண் 14416ஐ ஒவ்வொருவரும் தம் கைப்பேசியில் பதிந்துகொள்ளும்வரை பயிற்றுநர் அடுத்த பகுதிக்குப் போகவில்லை. அந்தப் பொறுப்புணர்வை மதிக்கிறேன்.

பயிற்சி நடந்த இடம் பழைய வீடொன்றின் வளவு, அதாவது உள்முற்றப் பகுதி. ஆத்தங்குடித் தளத்தில் அமர்வது குளிர்ச்சியாக இருந்தாலும், ஆறு குழுக்கள் ஒரே நேரத்தில் பேசும்போது எதிரொலி மிகுந்து பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்கவில்லை. மதிய உணவில் குறையில்லை.

பெரிய குறை சான்றிதழில் இருக்கிறது. மூன்றாம் நாள் மாலையிலேயே அனைவருக்கும் சான்றிதழ் கொடுத்துவிட்டார்கள். அமெரிக்காவில் கல்லூரி வாசிப்பு, கற்றல் சங்கம் 1989 முதல் மாணவப் பயிற்றுநர் திட்டங்களுக்கு அங்கீகாரம் அளித்துவருகிறது. அதன் முதல் நிலைக்கே 10 மணி நேரப் பயிற்சியுடன் 25 மணி நேரம் மாணவர்களோடு உண்மையில் அமர்ந்து பணியாற்றியிருக்க வேண்டும். நீந்துவதைப் பற்றிக் கேட்டவருக்கும் நீந்தியவருக்கும் உள்ள வேறுபாடு அது. இங்கோ பயிற்சிக்குப் பிறகு அதை நடத்திய நிறுவனத்திலிருந்து ஒரு தொலைபேசி அழைப்புகூட வரவில்லை. நான்காவது வாரத்தில் எங்கள் வழிகாட்டிகளுள் மூவர், யாரும் தங்களிடம் வருவதில்லை என்று சோர்ந்து நின்றபோது அவர்களுக்கு வழி சொல்ல யாரும் இல்லை.

அந்தச் சிக்கலை நாங்களே தீர்த்துக்கொண்டோம். நாங்கள் வைத்திருந்த அறிவிப்பு, ‘படிப்பில் பின்தங்கியவர்களுக்கு’ என்று இருந்தது. அரியர் வைத்தவர் என்ற பெயர் வாங்க யார் வருவார்கள்? 1973இல் மிசூரி பல்கலைக்கழகத்தின் கான்சஸ் சிட்டி வளாகத்தில் டியானா மார்ட்டின் தொடங்கிய முறையின் அடிப்படையே, தடுமாறும் மாணவரைக் குறிக்காமல் கடினமான பாடத்தைக் குறிப்பது. அதில் வழிகாட்டி மாணவர் அந்தப் பாட வகுப்பில் மறுபடியும் அமர்ந்து குறிப்பெடுக்கிறார். இதைப் பயிற்சியில் ஒரு வரியில் கடந்துபோனார்கள்; முதல் மணி நேரத்தில் சொல்லியிருக்க வேண்டிய செய்தி இது. நாங்கள் அறிவிப்பை ‘நிதிநிலைக் கணக்கியல் அமர்வு, அனைவருக்கும்’ என்று மாற்றினோம். ஊர்ப் பேருந்தைத் தவறவிட முடியாத மாணவிகளுக்காக நேரத்தை மாலையிலிருந்து மதிய இடைவேளைக்கு நகர்த்தினோம். அடுத்த வாரமே இரண்டு பெஞ்சு நிறைந்தது. நன்றாகப் படிப்பவர்களும் வந்தார்கள், தடுமாறுபவர்களும் அவர்களுக்கு இடையே வந்து அமர்ந்தார்கள்.

மற்றத் துறையினர் அனுப்பலாமா என்று கேட்டால், அனுப்பலாம் என்றே சொல்வேன். ஆனால் முதல் மதிப்பெண்காரர்களை மட்டும் அனுப்ப வேண்டாம். எங்கள் 12 பேரில் மிகச் சிறந்த அடுத்தாளாக வளர்ந்தவன், முதலாண்டில் இதே தாளில் அரியர் வைத்து எழுதித் தேறியவன். எங்கே கால் இடறும் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. அடுத்த அணியை அனுப்புவதற்கு முன், சான்றிதழை 25 மணி நேரப் பணிக்குப் பிறகு தர வேண்டும் என்றும், மாதம் ஒருமுறை கல்லூரிக்கு நேரில் வந்து ஓர் அமர்வைப் பார்க்க வேண்டும் என்றும், கையேட்டைத் தமிழ் வழி மாணவரை மனத்தில் வைத்துத் திருத்தி எழுத வேண்டும் என்றும் நிறுவனத்துக்கு எழுதியிருக்கிறேன். முதல் இரண்டுக்கும் ஒப்புதல் வந்துவிட்டது. கையேட்டை எங்கள் மாணவர்களே திருத்தத் தொடங்கியிருக்கிறார்கள்.